கேமராவுக்குப் பின்னால் சொன்னது

என் அத்தானை, அதாவது அக்காவின் வீட்டுக்காரரை, எங்கள் தெருவில் யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. ‘கோர்ட்டுக்காரர்’ என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வக்கீல் என்று நினைத்துக்கொண்டு வம்பு வழக்கோடு வாசலில் வந்து நிற்பவர்களும் உண்டு. அவர் வக்கீல் இல்லை. நீதிபதிக்குக் கீழே ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே தட்டச்சு செய்கிறவர். சாட்சி அழுதால் ‘சாட்சி அழுகிறார்’ என்று அடிப்பார். இருபத்தெட்டு வருடமாக அதே வேலை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய விரல்கள் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். அது நாம் பேசுவதைத்தான் அடிக்கிறது என்று தெரிய வந்தபோது, இவர் முன்னால் இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். நானாவது, வாயை மூடுவதாவது! அந்த முடிவு சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை.

எனக்கு வாய் நீளம். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? சின்ன வயதிலிருந்தே வீட்டில் எனக்குக் ‘கரிநாக்கு’ என்று பட்டம். ‘அந்தத் தட்டு விழும் பார்’ என்பேன், விழும். ‘இந்தப் பஸ் வராது’ என்பேன், வராது. நான் சொன்னால் கெட்டது பலிக்கும் என்று எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவுக்குக் காது போகும்வரை நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அது போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரு காதில் ஆரம்பித்தது, ஒரே வருடத்தில் இரண்டும் போய்விட்டன. கருவி மாட்டிப் பார்த்தார்கள், இரைச்சல்தான் வந்தது. அக்கா இப்போதும் நன்றாகப் பேசுவாள், கொஞ்சம் உரக்க. நாங்கள் அவளிடம் சொல்ல வேண்டியதை ஒரு வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதிக் காட்டுவோம். வீட்டில் அறைக்கு ஒரு பலகை இருக்கிறது. சமையலறைப் பலகையில் எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து ஒட்டாது என்று அவளிடம் தினமும் எனக்கு வசை விழும். மாடியில் நான், கீழே அவர்கள். அவர்களுடைய மகன் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போன பிறகு, கீழ்வீட்டில் மிக்ஸி ஓடுவதைத் தவிர வேறு சத்தமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா அலமாரியைச் சுத்தம் செய்யும்போது டேப்புகளை எடுத்தாள். அத்தான் ஒரு காலத்தில் வீடியோ கேமராவும் கையுமாகத் திரிந்தவர். பதினோரு டேப். ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி, நேரம், எங்கே, யார் யார் என்று கோர்ட் கையெழுத்தில் ஒட்டியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய கேமராவையே டிவியில் மாட்டி ஓட்டினார்.

நான் ஒரு திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவள். அந்த அறையின் மஞ்சள் திரைகள் நான் வெட்டித் தைத்தவை. அதை இழுத்துவிட்டால் பகல் வெளிச்சம் தேன் நிறத்தில் உள்ளே வந்து, தரையில் தேங்கி நிற்கும். அந்த வெளிச்சத்தில் எங்கள் வீடே டிவிக்குள் தெரிந்தது. சுவர் பச்சையாக இருந்த காலம். இப்போது உயிரோடு இல்லாத எங்கள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, கதவுவரை போய், என்னவோ மறந்தவராகத் திரும்பி வந்தார். மகன் தவழ்ந்து வந்து கேமராவை நக்கினான். அக்கா டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டாள். அதிர்வு கையில் தெரியும் என்பாள். அப்பாவின் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் விழித்துக்கொண்டே ஒரே கனவைக் கண்டது மாதிரி இருந்தது.

“அப்பா என்ன சொல்றாரு?” என்றாள்.

அத்தான் பலகையை எடுத்து எழுதினார். அவள் அதைப் படித்து நிமிர்வதற்குள் அப்பா போய்விட்டிருந்தார். மறுபடி ஓட்டினார். பலகையைப் பார்த்தால் படம் போகிறது, படத்தைப் பார்த்தால் பலகை போகிறது.

“ஏங்க, டிவில வெளிநாட்டுப் படத்துக்குக் கீழ எழுத்து ஓடுமே, அந்த மாதிரி பண்ணித் தரீங்களா? எல்லாரும் என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியணும். பதினோரு டேப்பும்.”

அத்தானுடைய விரல்கள் தொடையில் ஓடின. ‘செய்கிறேன்’ என்று பலகையில் எழுதி, அடியில் தேதியும் போட்டார்.

நான் மார்க்கர் மூடியைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். ஏனென்றால் ஏழாவது டேப்பில் நான் பேசியது ஒன்று இருக்கிறது.

அவர்களுடைய பதினைந்தாவது கல்யாண நாள் அது. கேக் வெட்டினார்கள். அப்பா, ‘ஒரு பாட்டுப் பாடு’ என்றார். அக்கா நடு அறையில் நின்று பாடினாள். கேமராவைப் பிடித்திருந்த அத்தானுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். பாட்டு சுருதியை விட்டு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? ‘இவளுக்கு ரெண்டு காது எதுக்கு? சுருதி போறதுகூடத் தெரியல. யாருக்காவது தானமா குடுக்கச் சொல்லுங்க’ என்றேன். அடுத்த வருடம் அந்த இரண்டு காதும் போய்விட்டன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானாக இருந்திருந்தால் பரவாயில்லை. பதினோரு வருடமாக அக்கா முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் அந்த வாக்கியம் ஓடும். இப்போது அவள் அதை எழுத்திலேயே படிக்கப் போகிறாள். படித்தால் என்னை மன்னிப்பாளா? எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

அத்தான் வேலையை ஆரம்பித்தார். டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ஒன்றைத் தவிர, சுலபமாக முடிந்தது. அதை டிஸ்காகப் போடுவதில்தான் சிக்கல். அவர்கள் டிவி பழசு, பென் டிரைவ் சொருக இடம் கிடையாது. டிவிக்கு அடியில் இருக்கும் டிஸ்க் பிளேயரும் அதன் ரிமோட்டும்தான் அக்காவின் ராஜ்ஜியம். டிஸ்கைப் போட்டதும் மெனு வர வேண்டும், பதினோரு டேப்பும் வரிசையாகத் தெரிய வேண்டும், ஒரு பட்டனை அமுக்கினால் கீழே எழுத்து ஓட வேண்டும். இதற்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும்.

முதலில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரரிடம் போனோம். துணைக்கு வருகிறேன் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். என் உள்நோக்கம் அத்தானுக்குத் தெரியாது. ஸ்டூடியோக்காரர் சிரித்தே விட்டார்.

“சார், இப்ப யார் சார் டிஸ்க் போடுறாங்க? எல்லாம் போன்ல பார்த்துட்டுப் போயிடுறாங்க.”

“என் வீட்டம்மா பார்ப்பாங்க” என்றார் அத்தான்.

அதற்கப்புறம் அந்த மனுஷர் சிரிக்கவில்லை. வீடியோவை டிஸ்கில் சும்மா கொட்டுவது வேறு, மெனு, பகுதி, எழுத்து எல்லாம் அடுக்கிப் பிளேயருக்குப் புரிகிற மாதிரி கட்டுவது வேறு என்று விளக்கினார். கட்டுகிற சாஃப்ட்வேரை இப்போது பல கம்பெனிகள் நிறுத்திவிட்டன, நெட்டில் தேடிப் பாருங்கள் என்றார்.

தேடினார். கோர்ட் விட்டு வந்து, கை கால் கழுவி, சட்டையை மாற்றாமலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதல் சாஃப்ட்வேர் அழகாக மெனு போட்டது, எழுத்துக்கு வழியில்லை. ‘அடடா’ என்று உதட்டால் சொன்னேன், உள்ளே நிம்மதி. இரண்டாவது, எல்லாம் செய்தது. ஆனால் ‘சோதனைப் பதிப்பு’ என்று திரை நடுவில் கட்டை எழுத்தில் முத்திரை குத்தியது. அப்பாவின் மூக்கின்மேல் சரியாக வந்து உட்கார்ந்தது. மூன்றாவதில் தமிழை அடித்தால் வரிசையாகக் கட்டங்கள்தான் வந்தன. அப்பா கட்டம் கட்டமாகப் பேசினார், மகன் கட்டம் கட்டமாக அழுதான். நான் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. ஒரு நோட்டில் ஒவ்வொன்றின் பெயர், தேதி, என்ன செய்யவில்லை என்று எழுதி வைத்தார்.

“விடுங்க அத்தான். கண்ணு போயிடும். அக்காவுக்குப் பலகையிலயே எழுதிக் காட்டிக்கலாம்” என்றேன் ஒரு நாள்.

“அவ பதினோரு வருஷத்துல என்கிட்ட இது ஒண்ணுதான் கேட்டிருக்கா” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் மாடிக்குப் போய்க் கட்டிலில் குப்புற விழுந்தேன். நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. ஆனாலும் மறுநாள் அவர் இல்லாத நேரம் பார்த்து ஏழாவது டேப்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். அதை மட்டும் அவர் அப்போது ஏற்றியிருக்கவில்லை. கேமரா சிக்கிச் சிக்கி ஓடுகிறது என்று தள்ளி வைத்திருந்தார்.

கடையில் திரைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளும் காந்தப் பட்டைகள் ஒரு டப்பா நிறைய உண்டு. நல்ல கனமான காந்தம், கத்தரிக்கோலையே இழுக்கும். டேப்பின்மேல் நாலு தடவை தேய்த்தால் போதும், எல்லாம் போய்விடும். மதியம் கடையில் ஆள் இல்லை. மேலே தொங்கவிட்ட துணிகள் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு கையில் டேப்பும் ஒரு கையில் காந்தமுமாக நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்தத் துணிகளுக்குப் பின்னாலிருந்து அக்கா பாடுவது கேட்கிற மாதிரி இருந்தது. அவள் கடைசியாகப் பாடிய பாட்டு அது. அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. இந்தப் பட்டையால் தேய்த்தால் என் பேச்சோடு அவள் பாட்டும் போகும், அப்பா கை தட்டியதும் போகும். சனியன் பிடித்த வாய்க்காக அதையும் அழிக்க எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் டேப்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமே நாலாவது சாஃப்ட்வேர் கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ உட்கார்ந்து செய்து, காசு வேண்டாம் என்று நெட்டில் போட்டிருந்தான். டிஸ்கில் எழுத்து எழுத்தாகப் போவதில்லையாம், ஒவ்வொரு வரியும் ஒரு சின்னப் படமாகத்தான் போகுமாம். அது தெரியாமல்தான் இத்தனை நாள் கட்டத்தோடு மல்லுக்கட்டினோம். அந்த சாஃப்ட்வேர் நாம் காட்டுகிற எழுத்துருவை வைத்து வரியைப் படமாக்கியது. ‘சாப்பாடு எப்போ?’ என்ற வரி அப்பாவின் நெஞ்சுக்குக் கீழே கொம்பும் காலும் கலையாமல் வந்து நின்றது. அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து, அறையை ஒரு சுற்று நடந்து, மறுபடி வந்து உட்கார்ந்தார்.

பிறகு இரண்டு மாதம் ஹெட்ஃபோனும் அவருமாக இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற வீடு எங்களுடையது. கோர்ட்டிலாவது ஒருத்தர் பேசும்போது மற்றவர் நிறுத்துவார், இங்கே அந்தப் பழக்கமில்லை என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. ‘நாற்காலி இழுக்கப்படுகிறது’ என்று போட்டார். ‘யாரோ தும்முகிறார்’ என்று போட்டார்.

தள்ளி வைத்த ஏழாவது டேப்பைக் கடைசியாக ஏற்றி அவர் கேட்ட அன்று எனக்கே தெரிந்துவிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“உட்காரும்மா. நீ சொன்னது ஒண்ணு வருது.”

“தெரியும் அத்தான். அதை மட்டும் விட்டுடுங்களேன்” என்றேன். “அக்கா படிச்சா தாங்க மாட்டா. நானும் தாங்க மாட்டேன்.”

அவருடைய விரல்கள் நான் சொன்னதையும் தொடையில் அடித்து முடித்தன.

“இருபத்தெட்டு வருஷத்துல சொன்னதை விட்டதுமில்ல, சொல்லாததைச் சேர்த்ததுமில்ல. இதை என் கையால பண்ணச் சொல்லாத. அந்த வரி உன்னுது. நீயே அடி.”

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டு நின்றார். நான் விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் அக்கா வாய் திறந்தபடி நின்றாள், எவ்வளவு இளமையாக! நான் அடித்தேன்: ‘அக்கா எவ்வளவு நல்லாப் பாடுறா!’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அத்தான் வந்து பார்த்தார். டிஸ்கை உள்ளே தள்ளினார்.

அந்த ஞாயிறு மஞ்சள் திரையை இழுத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். மெனு வந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பா மூன்று தடவை ‘சாப்பாடு எப்போ?’ என்று கேட்டதைப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மகனுடைய முதல் வார்த்தையைப் படித்தாள். தும்மலையும் படித்தாள். வெளிச்சம் மெல்ல மெல்லத் தரையில் நகர்ந்து சுவரில் ஏறியது. வெளியே தெரு இருக்கிறதா என்றே எனக்கு மறந்துபோனது. பதினோரு வருடம் கழித்து அவள் வீட்டுக்குள் மறுபடி சத்தம் வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது டேப் வந்ததும் டிவியை விட்டு அக்காவின் முகத்தையே பார்த்தேன்.

அக்கா பாடினாள். என் வரி வந்து போயிற்று. அக்கா ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவை அந்த வரியிலேயே நிறுத்திவிட்டாள்.

“இதை யார் எழுதினது?”

அத்தான் பலகையைத் தொடவில்லை. நான் தலையைக் குனிந்து, கையைத் தூக்கினேன்.

“நீ இதைச் சொல்லலையேடி.”

பலகையை இழுத்து ‘இதைத்தான் சொன்னேன்’ என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அக்கா அதைப் படித்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏண்டி, அன்னைக்கு எனக்குக் காது கேட்டுச்சுடி.”

நானும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு மாதமாக இரண்டு பேரும் இதே டேப்புகளோடு புரண்டிருக்கிறோம். ஒருத்தருக்காவது இது தோன்றியதா? இவளுக்கு எழுதிக் காட்டி எழுதிக் காட்டி, டேப்புக்குள் நிற்கிற அக்காவையும் செவிடாக்கி வைத்திருந்தோம். ஒவ்வொரு வாக்குமூலமாக அடித்த அத்தானே எழுந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“இவளுக்கு ரெண்டு காது எதுக்கு, சுருதி போறதுகூடத் தெரியல, யாருக்காவது தானமா குடுக்கச் சொல்லுங்க” என்றாள் அக்கா. ஒரு சொல் மாறவில்லை. “இதான் சொன்ன.”

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. மார்க்கரை எடுத்து, ‘என் நாக்குதான் உன் காதைத் தின்னுடுச்சு அக்கா. மன்னிச்சிடு’ என்று எழுதினேன். அவள் படித்துவிட்டு என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

“லூசு! அந்தப் பாட்டை எத்தனை வருஷமா பாடுறேன், ஒரு நாளாவது சுருதி தப்பியிருக்கேனா? அன்னைக்குத் தப்புச்சு. எனக்குத் தெரியல. அப்பா கை தட்டுறாரு, இவரு கேமராவும் கையுமா தலையாட்டுறாரு. தப்புன்னு வாயைத் திறந்தவ நீ ஒருத்திதான். எனக்கு வந்த கோபம் இருக்கே! அப்புறம்தான் யோசிச்சேன். வலது காதைப் பொத்திக்கிட்டுப் பார்த்தா இடது காதுல ஒண்ணுமே இல்ல. மறுநாளே யாருக்கும் தெரியாம டாக்டர்கிட்ட போனேன். முன்னாடியே போயிட்டிருந்துச்சாம்டி. நீ சொல்லி வரல. நீ சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது.”

அத்தான் மெல்ல உட்கார்ந்தார். இந்த விஷயம் அவருக்கும் இப்போதுதான் தெரிகிறது.

அக்காவின் குரல் இன்னும் உயர்ந்தது. “எனக்குக் காது போனதுல இருந்து எல்லாரும் நல்லதா மட்டும் எழுதிக் காட்டுறீங்க. ஒருத்தர் திட்டறதில்ல, ஒருத்தர் சண்டை போடறதில்ல. அந்த ஒரு வரி எழுத்துல வரட்டும்னுதான் ஆறு டேப்பையும் தாண்டி உட்கார்ந்திருந்தேன். அதையே மாத்தி வெச்சிருக்க. இனி நீங்க எழுதிக் காட்டுறதுல எதை நான் நம்பறது, சொல்லு?”

நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். அக்கா பின்னாலேயே வந்து என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பழைய வரியை அழித்தேன். நான் சொன்னதை அடித்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

“யார் சொன்னதுன்னு போடலையே” என்றாள்.

வரிக்கு முன்னால் ‘தங்கை’ என்று போட்டேன்.